கட்டணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு கேள்வி

(பாலக்காட்டில் நடந்த நமது சங்க அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரை. நேரில் வர இயலாத வெளியூர் அங்கத்தினர்களுக்காக எழுத்து வடிவில் இங்கே தரப்படுகிறது.)



அரை மணி நேரம் பேசலாம் என்று செக்ரட்டரி சொல்லியிருக்கிறார். பந்தி 12 மணிக்கு என்பதையும் கூடவே சொல்லிவிட்டார். அதனால் முன்னுரையை விட்டுவிட்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நம் சங்கத்தின் கல்வி உதவிக் கமிட்டிக்கு வரும் விண்ணப்பங்களைப் படித்துப் பார்க்கும் பொறுப்பு சில வருஷங்களாக என்னிடம் இருக்கிறது. ஒரு காலத்தில் பி.காம்., சி.ஏ., இன்ஜினீயரிங் என்று வந்துகொண்டிருந்தன. இப்போது லேப் டெக்னீஷியன், டயாலிசிஸ், எக்ஸ்ரே, ஆபரேஷன் தியேட்டர், கண் பரிசோதனை, ‘ஹாஸ்பிடல் அசிஸ்டெண்ட்’ என்று விண்ணப்பங்கள் ஜாஸ்தியாக வருகின்றன. நல்ல மாறுதல்தான். டாக்டருக்குப் படிக்க வைக்க வசதியில்லாத குடும்பங்களில் குழந்தைகள் இரண்டு, மூன்று வருஷத்தில் சொந்தக் காலில் நிற்க இது ஒரு வழி. நான் 36 வருஷம் லேபில் வேலை பார்த்தவன். முதல் ஆறு வருஷம் இடுக்கி மலையில் ஒரு தேயிலைத் தோட்ட ஆஸ்பத்திரி, மீதி பாலக்காட்டில். இந்தத் தொழில் சோறு போடும் என்பதற்கு நானே சாட்சி. ஆனால் வரும் விண்ணப்பங்களில் பலவற்றைப் படிக்கும்போது வயிற்றைக் கலக்குகிறது. காரணம் சொல்கிறேன்.

சித்தூர் தாலுகாவில் நம்மவர் ஒருவர் கல்யாணச் சமையல் வேலைக்குப் போகிறவர். அவருடைய பெண் பிளஸ் டூவில் நல்ல மார்க். எல்லையைத் தாண்டினால் பஸ்ஸில் முக்கால் மணி நேரத்தில் ஒரு இன்ஸ்டிட்யூட். வீட்டிலிருந்தே போய் வரலாம், ஹாஸ்டல் செலவில்லை, சொல்லிக் கொடுப்பதும் தமிழில். இரண்டு வருஷம் படித்தாள். கையில் பெரிய சான்றிதழ், அதில் சிங்க முத்திரை மாதிரி ஒன்று, பளபளக்கும் ஹோலோகிராம். பாலக்காட்டில் ஒரு லேபுக்கு வேலைக்குப் போனபோது உரிமையாளர் சான்றிதழைப் பார்க்கவேயில்லை. “பாராமெடிக்கல் கவுன்சில் ரிஜிஸ்டர் நம்பர் என்ன?” என்று மட்டும் கேட்டார். அப்படி ஒன்று இருப்பதே அந்தக் குழந்தைக்குத் தெரியாது. சான்றிதழைக் கொடுத்தது ஒரு டிரஸ்ட். அந்த டிரஸ்ட் பதிவானதுதான், அந்தப் படிப்பு பதிவானதல்ல. இப்போது அதே லேபில் கவுண்டரில் உட்கார்ந்து பில் போடுகிறாள். ரத்தம் எடுக்கத் தெரியும், எடுக்கக் கூடாது.

கோபப்பட்டு என்ன பயன்? எங்கே பிசகு வந்தது என்று பார்ப்போம். அந்தக் குடும்பம் கேட்ட கேள்விகள் எல்லாம் நியாயமானவை: ஃபீஸ் எவ்வளவு, பஸ் இருக்கிறதா, பெண் குழந்தைக்குப் பாதுகாப்பா. கேட்காமல் விட்ட கேள்வி ஒன்றே ஒன்று: படித்து முடித்ததும் என் பெயரை எந்தக் கவுன்சில் பதிவேட்டில் எழுதும்? இதற்குப் பதில் கிடைத்த பிறகுதான் ஃபீஸைப் பற்றிப் பேச வேண்டும். பதிவாகாத படிப்புக்கு ஃபீஸ் பத்தாயிரம் என்றாலும் அது ஜாஸ்திதான்.

கேரளத்தில் இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், 2018-ல் மாநிலம் கிளினிக்கல் எஸ்டாப்ளிஷ்மெண்ட்ஸ் சட்டம் கொண்டுவந்து 2019 ஜனவரியிலிருந்து அமல்படுத்தியது. ஆஸ்பத்திரி, கிளினிக், லேப் எல்லாம் பதிவு செய்துகொள்ள வேண்டும், வேலை செய்கிறவர்களின் தகுதியையும் காட்ட வேண்டும். முன்பெல்லாம் லேப் முதலாளிக்குக் கை வேலை தெரிந்தவர் போதும். இப்போது காகிதம் சரியில்லாதவரை வைத்துக்கொண்டால் அவருடைய லைசென்ஸுக்கே ஆபத்து.

அதற்கு மேல் 2021-ல் மத்திய அரசு ஒரு சட்டம் போட்டது. தேசிய அல்லைடு அண்ட் ஹெல்த்கேர் புரொஃபஷன்ஸ் கமிஷன் சட்டம் என்று பெயர். டாக்டர்களுக்கு ஒரு கமிஷன், நர்ஸுகளுக்கு ஒரு கவுன்சில், மருந்தாளுநர்களுக்கு 1948 முதலே ஒரு சட்டம் இருந்தும், மற்றவர்களில் பலருக்குத் தேச அளவில் எதுவும் இல்லாமல் இருந்தது. அந்தக் குறையைத் தீர்க்க வந்த சட்டம் இது. நமக்கு வேண்டிய வரி ஒன்று அதில் இருக்கிறது. அல்லைடு ஹெல்த் நிபுணர் என்று சொல்லிக்கொள்ள டிப்ளமாவோ டிகிரியோ வேண்டும். அந்தப் படிப்பு குறைந்தது 2,000 மணி நேரம், இரண்டு முதல் நான்கு வருஷத்தில் பரவியிருக்க வேண்டும். ஹெல்த்கேர் நிபுணர் என்ற அடுத்த படிக்குக் குறைந்தது 3,600 மணி நேரம், மூன்று முதல் ஆறு வருஷம். ஆகவே யாராவது ‘ஆறு மாதத்தில் லேப் டெக்னாலஜி டிப்ளமா’ என்று நோட்டீஸ் கொடுத்தால், இந்த ஒரு வரியை வைத்தே மடித்துக் குப்பையில் போட்டுவிடலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வகுப்பு என்பதும், தபாலில் படிக்கலாம் என்பதும் அதே ரகம். பாராமெடிக்கல் படிப்புகளைத் தொலைநிலைக் கல்வியில் நடத்த யு.ஜி.சி. அனுமதிப்பதில்லை. 2025-ல் அந்தத் தடையை உளவியல், உணவும் ஊட்டச்சத்தும் போன்ற பாடங்களுக்கும் நீட்டிவிட்டார்கள்.

நோட்டீஸ்களில் வரும் சில வார்த்தைகளுக்கு அர்த்தம் சொல்லிவிடுகிறேன். ‘கவர்மெண்ட் ரிஜிஸ்டர்டு’ என்றால் டிரஸ்டோ சொசைட்டியோ பதிவானது. ஒரு மளிகைக் கடையும் பதிவானதுதான். ‘ஐ.எஸ்.ஓ.’ என்றால் ஆபீஸ் நிர்வாக முறைக்குக் கிடைத்த சான்று. படிப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ‘100 சதவீத வேலை உத்தரவாதம்’ என்பதற்கு நான் இன்றுவரை எழுத்தில் ஒரு கையெழுத்தைப் பார்த்ததில்லை.

அப்படியானால் குறுகிய காலப் படிப்பு எல்லாமே ஏமாற்றா என்று கேட்கலாம். இல்லை. ஜெனரல் டியூட்டி அசிஸ்டெண்ட் என்று ஒன்று உண்டு. ஹெல்த் செக்டர் ஸ்கில் கவுன்சில் வகுத்த தேசியத் தரம், சில மாதப் பயிற்சி. நோயாளியைக் குளிப்பாட்டுவது, படுக்கை மாற்றுவது, சாப்பாடு ஊட்டுவது, நாடி, உஷ்ணம், ரத்த அழுத்தம் பார்த்து எழுதுவது, நர்ஸுக்கு உதவுவது. நம் அக்ரஹாரங்களில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியாக இருக்கும் மாமா மாமிகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? பெரும்பாலும் இப்படிப்பட்டவர்கள்தான், அதிலும் பலர் இடுக்கி மலைப்பக்கத்திலிருந்து வருகிறவர்கள். கௌரவமான வேலை. ஆனால் இதைப் படித்தவர் டெக்னீஷியன் ஆகிவிட முடியாது, நர்ஸும் ஆக முடியாது. சில ஆயிரத்தில் முடிய வேண்டிய பயிற்சிக்கு ‘மெடிக்கல் அசிஸ்டெண்ட் டிப்ளமா’ என்று பெயர் வைத்து ஒரு லட்சம் கேட்டால் அங்கேதான் தகராறு.

இந்த ‘மெடிக்கல் அசிஸ்டெண்ட்’ என்ற பெயரே அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே அது தனித் தொழில். டாக்டர் கிளினிக்கில் நோயாளியை உள்ளே அழைத்து உட்கார வைப்பது, ரத்த அழுத்தம் பார்ப்பது, ரத்தம் எடுப்பது, ஃபைல், இன்ஷூரன்ஸ் என்று பாதி நர்ஸ் வேலை, பாதி குமாஸ்தா வேலை. ஒரு வருஷமோ அதற்குக் கொஞ்சம் குறைவோ படிக்க வேண்டும். நம் அங்கத்தினர் வீட்டு மாட்டுப்பெண்கள் ஒன்றிரண்டு பேர் அங்கே இதைப் படிக்கலாமா என்று எனக்கே போன் செய்து கேட்டிருக்கிறார்கள். இதோடு ‘ஃபிசிஷியன் அசிஸ்டெண்ட்’ என்பதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது டிகிரிப் படிப்பு. நம் நாட்டில் 1992-ல் சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் டாக்டர் கே.எம். செரியன் தொடங்கி வைத்தது. இப்போது ‘ஃபிசிஷியன் அசோசியேட்’ என்று தேசியச் சட்டத்தின் பட்டியலிலும் இருக்கிறது. 2025 ஏப்ரலில் வெளியான மாதிரிப் பாடத்திட்டங்களில் அதற்கும் ஒன்று உண்டு.

அமெரிக்காவில் எல்லாம் ஒழுங்காக இருக்கும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு சங்கதி. கொரிந்தியன் காலேஜஸ் என்று கலிபோர்னியாவில் ஒரு கம்பெனி. எவரெஸ்ட் என்ற பெயரில் ஊர் ஊராகக் கல்லூரி நடத்தியது. மெடிக்கல் அசிஸ்டிங் அவர்களுடைய முக்கியமான படிப்புகளில் ஒன்று. வேலை கிடைத்தவர்கள் கணக்கை ஊதிக் காட்டி ஆள் சேர்த்தார்கள் என்று அரசாங்கம் பிடித்தது. 2015 ஏப்ரலில் மிச்சமிருந்த கல்லூரிகளை ஒரே நாளில் மூடினார்கள். படித்தவர்கள் பாதியில் நின்றார்கள், கடன் மட்டும் நின்றது. 2022-ல்தான் சுமார் 5 லட்சத்து 60 ஆயிரம் பேருடைய 580 கோடி டாலர் கடனை அந்த அரசாங்கம் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. ஏழு வருஷம் ஆயிற்று பாருங்கள். அதே ஊர்களில் அரசாங்க உதவியுடன் நடக்கும் கம்யூனிட்டி காலேஜில் அதே படிப்பு அதைவிட மிகக் குறைந்த செலவில் இருந்தது. விளம்பரம் கிடையாது, அவ்வளவுதான்.

இங்கே இடுக்கியிலும் ஒன்று நடந்தது. 2014-ல் இடுக்கி அரசு மருத்துவக் கல்லூரி ஆரம்பித்தது. வசதிகள் போதவில்லை என்று 2016-ல் அனுமதி நின்றுபோனது. மறுபடி 100 எம்.பி.பி.எஸ். இடங்களுடன் 2022-ல் திறந்தார்கள். நடுவில் அந்தப் பிள்ளைகள் என்ன ஆனார்கள்? வேறு அரசு மருத்துவக் கல்லூரிகளுக்கு மாற்றி அனுப்பினார்கள். சிரமம்தான், ஆனால் படிப்பு போகவில்லை. பின்னால் ஒரு பல்கலைக்கழகமும் ஒரு டைரக்டரேட்டும் இருந்தால் கல்லூரி தடுமாறினாலும் மாணவனைத் தாங்க ஆள் இருக்கும். பலகை மட்டும் இருக்கும் இடத்தில் பலகையைக் கழற்றினால் கதை முடிந்தது.

சரி, எங்கே போகலாம்? கேரளத்தில் இரண்டு வாசல்கள். டிப்ளமா என்றால் மருத்துவக் கல்வி இயக்குநரகத்தின் கீழ் வருபவை: டி.எம்.எல்.டி., ரேடியாலஜி, டயாலிசிஸ், ஆபரேஷன் தியேட்டர், கண் மருத்துவ உதவி, டி.ஃபார்ம். என்று நீளும். டிகிரி என்றால் திருச்சூர் பக்கத்தில் முளங்குன்னத்துக்காவில் இருக்கும் கேரள சுகாதாரப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருபவை. அந்தப் பல்கலைக்கழகம் 2010-ல் வந்தது. இரண்டுக்கும் இடம் ஒதுக்குவது திருவனந்தபுரத்தில் உள்ள எல்.பி.எஸ். சென்டர். பெரும்பாலான படிப்புகளுக்குப் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மார்க்தான் அடிப்படை. வருஷத்துக்கு ஒரு முறை விண்ணப்பம், அதைத் தவறவிட்டால் அடுத்த வருஷம். பாதிப்பேர் தனியார் இன்ஸ்டிட்யூட்டில் போய் விழுவது மார்க் இல்லாமல் அல்ல, அந்தத் தேதியைத் தவறவிட்டுத்தான். அரசுக் கல்லூரியில் ஃபீஸ் ஆயிரக்கணக்கில் முடியும். தனியாரில் லட்சத்தைத் தொடும்.

நம்மவர்கள் பலருக்கும் இன்னும் சரியாகப் புரியாதது 10 சதவீத ஒதுக்கீடு. 2019-ல் அரசியல் சட்டத் திருத்தம் மூலம் முற்பட்ட வகுப்பில் பொருளாதாரத்தில் பின்தங்கியவர்களுக்கு வந்தது. மத்திய அரசுக்குக் குடும்ப வருமான உச்சவரம்பு 8 லட்சம், கேரள மாநிலத்துக்கு 4 லட்சம். நிலம், வீட்டு மனைக்கும் தனி வரம்பு. இரண்டுக்கும் தனித்தனிச் சர்டிபிகேட். ஒன்றை வைத்து மற்றொன்றில் நுழைய முடியாது. கடைசி நாளில் வில்லேஜ் ஆபீஸ் வாசலில் நிற்காதீர்கள். தமிழ்நாட்டில் இந்த ஒதுக்கீட்டை மாநில அரசு அமல்படுத்தவில்லை என்பதையும் எல்லைப்புறத்தில் இருக்கிறவர்கள் நினைவில் வைக்க வேண்டும். கேரளத்தில் முற்பட்ட வகுப்பினருக்கான நலக் கார்ப்பரேஷன், ‘சமுன்னதி’ என்று சொல்வார்கள், வித்யா சமுன்னதி என்ற பெயரில் ஸ்காலர்ஷிப்பும் கொடுக்கிறது. “நமக்கெல்லாம் யார் கொடுப்பா” என்று சொல்லிவிட்டு விண்ணப்பமே போடாத குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

எல்லையில் இருப்பவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. வாளையாற்றைத் தாண்டினால் கோயம்புத்தூர், 50 கிலோமீட்டர். கொழிஞ்சாம்பாறைக்காரருக்குப் பொள்ளாச்சி பக்கம். குமுளியில் இருப்பவருக்குத் தேனி 60 கிலோமீட்டர் அளவு, கோட்டயம் நூறைத் தாண்டும். வண்டிப்பெரியாறு, மூணாறு பக்கம் தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளைகளுக்குத் தேனி மனசுக்கும் பக்கம். இடுக்கியில் நம்மவர்கள் கொஞ்சம்தான், கோயில் பூஜை, தோட்ட ஆபீஸில் ரிடையர் ஆனவர்கள், ஹோட்டல் என்று. அவர்கள் வீட்டுக் குழந்தைகளும் கீழே தமிழ்நாட்டுக்கு இறங்குவதைத்தான் விரும்புகிறார்கள். தப்பில்லை. கோவையிலும் தேனியிலும் அரசு மருத்துவக் கல்லூரிகளும், கோவையில் பெரிய தனியார் ஆஸ்பத்திரிகளும் இருக்கின்றன. ஆனால் தமிழ்நாட்டு அரசு இடங்கள் அந்த மாநிலத்தவருக்கு. கேரளத்து ரேஷன் கார்டு வைத்திருப்பவருக்குத் தனியார் மேனேஜ்மெண்ட் இடம்தான் மிஞ்சும். அங்கே சேருவதானால் சென்னை எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் டிகிரியா, அல்லது வேறு முறையான பல்கலைக்கழகமா என்று பார்க்க வேண்டும். பிறகு, திரும்பி வந்து கேரளத்தில் வேலை செய்ய எண்ணமிருந்தால், சேருவதற்கு முன்பே, இந்தக் கல்லூரியின் இந்தப் படிப்பை இங்கே பதிவு செய்வீர்களா என்று கேரளக் கவுன்சிலுக்கு எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தேசியச் சட்டத்தின் கீழ் மாநிலக் கவுன்சில்கள் அமைந்து வருகின்றன, ஒரே தேசியப் பதிவேடு வந்தால் இந்தச் சிக்கல் குறையும். அதுவரை அந்தக் கடிதம்தான் பாதுகாப்பு.

சென்னை, பம்பாய், பெங்களூரில் இருக்கும் அங்கத்தினர்களுக்கும் இதே விஷயம் திருப்பிப் போட்டு வரும். “பூர்வீகம் பாலக்காடு, அதனால் கேரளக் கோட்டா உண்டு” என்று எண்ணுகிறார்கள். கல்பாத்தித் தேருக்கு வருஷா வருஷம் வருவதால் மட்டும் கேரளத்தவர் ஆகிவிட முடியாது. எல்.பி.எஸ். பிராஸ்பெக்டஸில் நேட்டிவிட்டி பகுதியை முதலில் படித்துவிட்டு மற்றதைப் படியுங்கள். மார்க் மிக நன்றாக இருந்தால் வேலூர் சி.எம்.சி.யையும் பாருங்கள். கட்டணம் குறைவு, போட்டி கடுமை.

பதிவு விஷயம் சரியாகிவிட்டது. இனி தரம். இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இது என் தொழில்.

ரத்தம் எடுக்கும்போது கலர் கலராக மூடி போட்ட குழாய்களைப் பார்த்திருப்பீர்கள். ஊதா மூடிக்குள் ஈ.டி.டி.ஏ. என்று ஒரு உப்பு இருக்கிறது, ரத்தம் உறையாமல் இருக்க. அந்த உப்பில் பொட்டாசியம் உண்டு. பயிற்சி போதாத பையன் ஒருவன் சிவப்பு மூடிக் குழாயில் ரத்தம் குறைந்துவிட்டது என்று ஊதாக் குழாயிலிருந்து கொஞ்சம் அதில் ஊற்றிவிடுகிறான். ஊசியை மறுபடி குத்த வேண்டாமே என்ற நல்லெண்ணம்தான். ரிப்போர்ட்டில் பொட்டாசியம் 9 என்று வரும். சாதாரணமாக 3.5-லிருந்து 5 வரை இருக்க வேண்டியது. கால்சியம் பாதாளத்துக்குப் போயிருக்கும். நாலு வருஷம் நல்ல லேபில் இருந்தவர் இந்த இரண்டு எண்ணையும் சேர்த்துப் பார்த்ததும், “குழாய் மாறியிருக்கிறது, புதிதாக எடு” என்று சொல்லிவிடுவார். சொல்ல ஆளில்லாத இடத்தில், இதயம் நின்றுவிடப் போகிறது என்று எண்ணி டாக்டர் ஒரு ஆரோக்கியமான பாட்டிக்கு வைத்தியம் ஆரம்பித்துவிடுவார். கையில் ரப்பர் பட்டையை அதிக நேரம் இறுக்கினாலும், குழாயை வேகமாகக் குலுக்கி ரத்த அணுக்கள் உடைந்தாலும் பொட்டாசியம் பொய் சொல்லும். இதெல்லாம் புத்தகத்தில் ஒரு வரி. கையில் வருவதற்கு நூற்றுக்கணக்கான நோயாளிகள் வேண்டும்.

ஆகவே கல்லூரியைப் பார்க்கப் போகிறவர்கள் கட்டடத்தைப் பார்க்க வேண்டாம். காலை 7 மணிக்கு அவர்களுடைய ஆஸ்பத்திரி லேபுக்குப் போய் ஒரு ஓரமாக உட்காருங்கள். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க எத்தனை பேர் வரிசையில் இருக்கிறார்கள்? மாணவர்கள் எடுக்கிறார்களா, அல்லது சுவரில் சாய்ந்து நிற்கிறார்களா? தினமும் காலையில் கண்ட்ரோல் ஓட்டி வரைபடம் வைக்கிறார்களா என்று கேளுங்கள். என்.ஏ.பி.எல். அங்கீகாரம் உள்ள லேப் என்றால் அது இருந்தே ஆக வேண்டும். டயாலிசிஸ் படிப்பு என்றால் மிஷின் எத்தனை, மாணவர் எத்தனை என்று எண்ணிப் பார்க்கலாம். நாலு மிஷினுக்கு 40 மாணவர்கள் என்றால் மிஷினைத் தொடுவது எப்போது? ரேடியாலஜி என்றால் மாணவர் சட்டையில் டி.எல்.டி. பேட்ஜ் தொங்குகிறதா என்று பாருங்கள். கதிர்வீச்சு எவ்வளவு பட்டது என்று அளக்கும் சின்ன அட்டை அது. அது இல்லாமல் பிள்ளைகளை எக்ஸ்ரே அறையில் நிறுத்தும் இடத்துக்கு நம் குழந்தையை அனுப்பக் கூடாது. சொந்த ஆஸ்பத்திரி இல்லை, ‘டை-அப்’ இருக்கிறது என்பார்கள். இருக்கட்டும், எந்த ஆஸ்பத்திரி, எத்தனை மணி நேரம், எந்தப் பிரிவு என்று எழுதிய ஒப்பந்தத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

போன வருஷம் படித்து முடித்தவர்கள் இரண்டு பேர் நம்பர் கொடுங்கள் என்று கேட்பது எல்லாவற்றையும் விட நல்லது. அவர்களிடம் சம்பளத்தைக் கேட்க வேண்டாம், பதிவு எண் கிடைத்ததா என்று மட்டும் கேளுங்கள்.

நான் மலையில் வேலை பார்த்த காலத்தில் தோட்ட ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர், டிரஸ்ஸர் என்று இருந்தார்கள். பலர் எந்தக் கல்லூரிக்கும் போனவர்கள் அல்ல, டாக்டர் கூடவே நின்று கற்றுக்கொண்டவர்கள். பிரசவம் வரை பார்ப்பார்கள். நல்ல கைகள். அவர்களை வைத்து, “அனுபவம் போறாதா, சர்டிபிகேட் எதுக்கு” என்று இன்றைக்கும் கேட்கிற மாமாக்கள் உண்டு. அந்தத் தோட்டமே அவர்களுக்குக் கவுன்சில். அங்கேயே பிறந்து அங்கேயே ரிடையர் ஆனார்கள். இன்றைய குழந்தைக்கு மூணாறில் படித்து, கொச்சியில் வேலை பார்த்து, கல்யாணமாகிப் புனேக்குப் போக வேண்டியிருக்கிறது. அனுபவத்தைப் பெட்டியில் எடுத்துப் போக முடியாது, பதிவு எண்ணை எடுத்துப் போகலாம்.

இனி பணம். ஃபீஸை மட்டும் ஒப்பிடாதீர்கள். ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன்: ஹாஸ்டலும் சாப்பாடும் மாதம் 6,000 என்று வைத்துக்கொண்டால் இரண்டு வருஷத்துக்கு 1,44,000. அதோடு யூனிஃபார்ம், பரீட்சைக் கட்டணம், ‘கிளினிக்கல் போஸ்டிங் ஃபீ’ என்று நடுவில் முளைப்பது. மொத்தத்தையும் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். சிலர் பிளஸ் டூ ஒரிஜினல் மார்க் ஷீட்டை வாங்கி வைத்துக்கொண்டு, விலகினால் முழு ஃபீஸும் கட்டு என்பார்கள். யு.ஜி.சி. 2018-லேயே ஒரிஜினலை வைத்துக்கொள்ளக் கூடாது என்று அறிவித்திருக்கிறது. ஒரிஜினலைக் காட்டுங்கள், கொடுத்துவிட்டு வராதீர்கள்.

பாங்குக் கடனைப் பற்றி ஒரு வார்த்தை. கல்விக் கடன் 4 லட்சம் வரை நம் பங்கு என்று எதுவும் போட வேண்டியதில்லை, ஏழரை லட்சம் வரை ஈடு இல்லாமல் கொடுக்கும் ஏற்பாடும் இருக்கிறது. கடன் வேண்டாம் என்பவர்கள் கூட ஒரு தடவை மேனேஜரிடம் போய் இந்தப் படிப்புக்குக் கொடுப்பீர்களா என்று கேட்டுப் பாருங்கள். அங்கீகாரம் இல்லாத படிப்பு என்று அவர் மறுத்தால், காசு செலவில்லாமல் நமக்கு ஒரு விசாரணை முடிந்தது.

ஒரு விஷயம் சபையில் சொல்லலாமா என்று யோசித்தேன், சொல்லிவிடுகிறேன். நான் லேப் வேலைக்குப் போன புதிதில் என் பாட்டி கொல்லைப்புறமாக வந்து ஸ்நானம் செய்த பிறகுதான் உள்ளே விடுவாள். ரத்தம், மலம், மூத்திரம் தொடுகிறவன் என்று. நான் வாதம் செய்யவில்லை. குளிப்பது லேப்காரனுக்கு நல்லதுதானே! கடைசிக் காலத்தில் அவளுக்குச் சர்க்கரை பார்த்ததெல்லாம் நான்தான். அந்தத் தயக்கம் இன்னும் சில அகங்களில் இருக்கிறது. அதன் விளைவு என்ன தெரியுமா? ‘கை அழுக்காகாத’ படிப்பு என்று தேடி, கம்ப்யூட்டரில் மட்டும் சொல்லிக் கொடுக்கும் மருத்துவப் படிப்பில் சேர்க்கிறார்கள். நோயாளியைத் தொடாத மருத்துவப் பயிற்சி நீந்தாத நீச்சல் பயிற்சி. தொடப் பிடிக்காத குழந்தைக்கு ஹெல்த் இன்ஃபர்மேஷன் மேனேஜ்மெண்ட் என்று ஆஸ்பத்திரி ஆவணங்களுக்கான முறையான படிப்பே இருக்கிறது, அதில் சேருங்கள்.

வெளியூரில் இருக்கும் அங்கத்தினர்களுக்கு அடிக்கடி ஊரிலிருந்து போன் வரும். “அண்ணா, குழந்தைக்கு அட்மிஷன் கிடைச்சுடுத்து, வெள்ளிக்கிழமைக்குள்ள கட்டினா பத்தாயிரம் கன்செஷனாம்” என்று. உங்களுக்கு மனசு இளகும், அன்றைக்கே அனுப்பிவிடுவீர்கள். தயவுசெய்து ஒரு வாரம் பொறுங்கள். எல்.பி.எஸ். ஒதுக்கீட்டில் வெள்ளிக்கிழமைக் கன்செஷன் கிடையாது.

கமிட்டியில் இந்த வருஷம் முதல் ஒரு சின்ன மாறுதல் செய்திருக்கிறோம். மருத்துவத் துணைப் படிப்புக்கு உதவி கேட்கும் விண்ணப்பத்தோடு, கடைசியில் சான்றிதழ் கொடுக்கும் பல்கலைக்கழகம் அல்லது இயக்குநரகத்தின் பெயரையும், முந்தைய வகுப்பில் முடித்த ஒருவரின் பதிவுச் சான்று நகலையும் இணைக்க வேண்டும். பணம் குடும்பத்தின் கையிலோ ஏஜெண்டின் கையிலோ போகாது, கல்லூரிக் கணக்குக்கு நேராகப் போகும். சிலருக்கு இது கெடுபிடியாகத் தோன்றியிருக்கிறது. நமது நிதி சின்னது, போடுகிறவர்கள் பலர் பென்ஷன்காரர்கள்.

சித்தூர்ப் பெண்ணைப் பற்றிச் சிலர் கேட்டார்கள். வயது இருக்கிறது, மார்க்கும் இருக்கிறது. அடுத்த ஒதுக்கீட்டில் டி.எம்.எல்.டி.க்கு விண்ணப்பிக்கச் சொல்லியிருக்கிறேன், 10 சதவீதச் சர்டிபிகேட்டுக்கான காகிதங்களை இப்போதே சேர்த்துக்கொண்டிருக்கிறாள். கிடைத்தால் அவளுடைய ஹாஸ்டல் செலவைக் கமிட்டி ஏற்கும்.

மணி 12 ஆகப் போகிறது. சாப்பாடானதும் வாசல் திண்ணையில் போன வருஷப் பிராஸ்பெக்டஸும் கண்ணாடியுமாக உட்கார்ந்திருப்பேன். பிளஸ் டூ படிக்கும் குழந்தை இருப்பவர்கள் மார்க் ஷீட் ஜெராக்ஸும், கையில் ஏதாவது இன்ஸ்டிட்யூட் நோட்டீஸ் இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள், சேர்ந்து படித்துப் பார்ப்போம்.